திரைக்கூர்மையும் தோட்சுமையும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரி வரலாறு, ஆசிரியர் பெருமை, விளையாட்டுத் துறையிற் பெற்ற வெற்றி என்பவற்றுள் ஒன்றைப் பொருளாகக் கொள்ளுதல் வழக்கம். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளோ, சிறு மடிக்கணினியொன்றை மாற்றுங்கால் திரையின் கூர்மையையும் கணினியின் சுமையையும் ஒப்பிட்டு நோக்கும் முறையாகும். இது விழாவுக்குப் புறம்பான பொருள் போலத் தோன்றலாம். ஆயின், இம்மலரின் அச்சுப்படிகளைத் திருத்தும் பணியிலேதான் இவ்வாராய்ச்சி எமக்கு வேண்டியதாயிற்று.

எம்மிடம் 11.6 அங்குலத் திரையுடைய சிறு மடிக்கணினி ஒன்று பல ஆண்டுகளாக இருந்தது. அதன் நிறை ஒரு கிலோகிராமுக்குச் சற்றே கூடியது. துவிச்சக்கரவண்டியின் கூடையிலும், கொழும்பு செல்லும் பேருந்தில் எமது மடியிலும் அது சலிப்பின்றி உடன்வந்தது. மலருக்கு வந்த கட்டுரைகளை அதன் திரையிலேயே வாசித்துத் திருத்தினோம். திருத்தி முடிந்தனவென்று கருதிய பக்கங்களைத் தாளில் எடுத்துப் பார்த்தபோது, ஒரே பக்கத்தில் நான்கு பிழைகள் தப்பி நின்றமை கண்டோம். அவற்றுள் மூன்று, மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டவை. நான்காவது, ணகரம் நிற்கவேண்டிய இடத்தில் னகரம் நின்றது. அது காலஞ்சென்ற எம் ஆசிரியர் ஒருவரின் பெயரில் நின்றமையே எம்மைப் பெரிதும் நாணச் செய்தது.

குறை கண்ணிலோ கணினியிலோ என்னும் ஐயம் எழுந்தது. கண் மருத்துவர் பரிசோதித்து, மூக்குக்கண்ணாடியோடு எமது பார்வை செவ்விதாகவே உள்ளதென்றார். எனவே கணினியை மாற்றத் துணிந்தோம். துணிந்தவுடன் இருவகை அறிவுரைகள் வந்தன. "கூரிய திரையை வாங்குக, சுமை ஒரு பொருட்டன்று" என்றார் ஒரு நண்பர். "காவிச் செல்ல முடியாத கணினி மேசையிலேயே கிடக்கும், இலேசானதைக் கைவிடற்க" என்றார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எவ்வளவு உண்மை என்பதனை அளவுகோல் கொண்டு ஆராய்வாம்.

கூர்மையாவது யாது?

கணினித் திரையில் தோன்றும் எழுத்தும் படமும் பிக்சல் எனப்படும் நுண்ணிய சதுரங்களால் ஆனவை. எமது பழைய கணினியின் திரையில் அகலத்தில் 1366 பிக்சல்களும் உயரத்தில் 768 பிக்சல்களும் இருந்தன. மொத்தம் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். விற்பனையாளர் பெரும்பாலும் இவ்வெண்களையே எடுத்துக் கூறுவர். ஆயின் எண்ணிக்கை வேறு, கூர்மை வேறு.

மாணவர் பைதகரஸ் தேற்றத்தைக் கொண்டு இதனைத் தாமே கணித்தறியலாம். 1366இன் வர்க்கத்தையும் 768இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் காண, ஏறக்குறைய 1567 வரும். இது திரையின் மூலைவிட்ட நீளம் எத்தனை பிக்சல்களுக்குச் சமம் என்பதைக் காட்டும். இதனை 11.6ஆல் வகுக்க, அங்குலத்துக்கு 135 பிக்சல்கள் என்றாகும். அதே 1366க்கு 768 என்னும் தொகையுடன் 14 அங்குலத் திரைகளும் 15.6 அங்குலத் திரைகளும் விற்கப்பட்டன. அவற்றிலோ செறிவு முறையே 112, 100 ஆகக் குறைந்துவிடும். எண்ணிக்கை ஒன்றே, சதுரங்கள் பெருத்தமையாற் கூர்மை மழுங்கிற்று.

இனி, செறிவு மாத்திரமும் கூர்மையாகாது. செய்தித்தாளில் வந்த படத்தைக் கைக்கெட்டிய தூரத்திற் பார்ப்பின் அது முகமாகத் தெரியும். கண்ணருகே கொணரின் வெறும் பொட்டுக்களாகத் தெரியும். ஆகவே, கண்ணுக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரமும் கணக்கிற் சேரவேண்டும்.

ஒல்லாந்து தேசத்துக் கண் மருத்துவர் ஹேர்மன் சினெல்லன் 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்துப் பலகையின் வழிவந்த பலகைகளே இன்றும் கண் மருத்துவமனைகளிற் காணப்படுவன. அதிலே 6/6 எனக் குறிக்கப்படும் பார்வை உடையவர், ஒரு கலை அளவான கோணத்தில் அமைந்த கோடுகளைப் பிரித்தறிய வல்லவராவர். கலையாவது ஒரு பாகையின் அறுபதிலொரு கூறு. அரை மீற்றர் தூரத்தில் ஒரு கலை 0.145 மில்லிமீற்றர் அகலத்தைக் கொள்ளும். எமது பழைய திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.188 மில்லிமீற்றர். ஆதலின், அரை மீற்றரிலிருந்து பார்க்கும் செவ்விய கண்ணுக்கு அச்சதுரங்களின் படிக்கட்டு வடிவம் எழுத்தின் ஓரங்களில் ஒருவாறு புலப்படும்.

இக்கணக்கினின்றும் எளிய விதி ஒன்று பெறலாம். 8730 என்னும் எண்ணைத் திரையின் செறிவால் வகுக்க வருவது, பிக்சல்கள் கண்ணுக்கு ஒன்றோடொன்று கலந்துவிடும் தூரம்; சென்ரிமீற்றரிற் கொள்க. 135 செறிவுக்கு அத்தூரம் 65. 166 செறிவுக்கு 53. 227 செறிவுக்கு 38. 276 செறிவுக்கு 32. 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐபோன் 4ஐ அறிமுகஞ் செய்த ஸ்டீவ் ஜொப்ஸ், பத்துப் பன்னிரண்டு அங்குலத் தூரத்துக்கு 300 செறிவளவே கண்ணின் எல்லை என்றார். 8730ஐ 300ஆல் வகுக்க 29 சென்ரிமீற்றர், அஃதாவது பதினொன்றரை அங்குலம் வரும். அவர் கூற்றும் இவ்விதிக்கு இயைந்ததே.

எனினும் கண்ணின் எல்லை கத்தியால் வெட்டியது போன்றதன்று. 6/6இலும் நுட்பமாகக் காண்போர் உளர். கோடு ஒன்று இடையிலே சிறிது விலகி நிற்பதைக் கண் ஒரு கலையினும் நுட்பமாக அறியும். ஆதலால் விதி கூறும் அளவுக்குச் சிறிது மேற்பட்ட செறிவு வீணாகாது.

தமிழெழுத்தும் திரையும்

ஆங்கிலம் மாத்திரம் வாசிப்போர்க்கு 135 செறிவு பெருங்குறையாகத் தோன்றாமற் போகலாம். தமிழ் வாசிப்போர் நிலை வேறு. எமது எழுத்துக்களில் நுண்ணிய வேறுபாடே பொருளை மாற்றுவது. னகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையே உள்ளது ஒரு சுழியின் வேறுபாடு. மெய்யையும் அகரமேறிய உயிர்மெய்யையும் பிரிப்பது தலைமேலுள்ள ஒரு புள்ளி. இகர ஈகார விகுதிகளைப் பிரிப்பது விசிறியின் நுனியிலுள்ள சிறு சுழி.

மூன்று மில்லிமீற்றர் உயரமுள்ள எழுத்தொன்றை எடுத்துக்கொள்வாம். 135 செறிவில் அதற்குக் கிடைக்கும் உயரம் 16 பிக்சல். 227 செறிவிலோ 27 பிக்சல். மெய்யின் புள்ளி அரை மில்லிமீற்றர் எனக் கொண்டால், முன்னையதில் அதற்கு மூன்று பிக்சலும் முழுமையாகக் கிடையா. பின்னையதில் நான்கரை கிடைக்கும். இடம் போதாதபோது கணினி, ஓரத்துப் பிக்சல்களுக்குச் சாம்பல் நிறம் ஊட்டிக் கண்ணை ஒருவாறு ஏமாற்றுகின்றது. அப்போது சுழிகளுக்கு இடையிலுள்ள வெள்ளை வெளி மங்கி, மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றுபோலத் தோன்றும். சொல்லை முன்னரே அறிந்த மனம், கண் காணாததைத் தானே இட்டு நிரப்பிவிடும். எம் ஆசிரியரின் பெயரில் நிகழ்ந்தது இதுவே. பிழையைக் கண்டும் காணாதிருந்தோம் என்பதினும், காணத்தக்க அளவு அது திரையில் இருந்ததில்லை என்பதே பொருந்தும்.

எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கலாகாதோ எனின், ஆகும். ஆயின் எழுத்துப் பெருக்க, ஒரே பார்வையில் அகப்படும் வரிகள் குறையும். பக்கத்தின் அமைப்பை நோக்கித் திருத்துவோர்க்கு அது இடர்ப்பாடு. நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்து உற்றோர்க்கோ இரண்டும் வேண்டும்: பெரிய எழுத்தும் வேண்டும், தெளிந்த எழுத்தும் வேண்டும்.

சுமையாவது யாது?

கூர்மை ஓர் எண்ணில் அடங்காதவாறே சுமையும் ஓர் எண்ணில் அடங்காது. விளம்பரத்திற் காணும் நிறை கணினியின் நிறை மாத்திரமே. தோள் சுமப்பதோ கணினி, மின்னேற்றி, அதன் வடம், வேண்டிய இணைப்பிகள், பை ஆகிய அனைத்தையுமாம். நிறை குறைக்கும் நோக்குடன் துளைவாய்களைக் குறைத்த கணினியை வாங்குவோர், அவற்றுக்கு ஈடான இணைப்பிகளைத் தனியே சுமக்க நேரும். பற்றரி நாள் முழுதும் தாங்குமாயின் மின்னேற்றியை வீட்டிலே விட்டுச் செல்லலாம். தாங்காதாயின் கணினி இலேசாயிருந்தும் பயனில்லை. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் இதனை யாவரும் நன்குணர்ந்தோம்.

நிறையோடு பரிமாணமும் நோக்கத்தக்கது. திரையின் அங்குலம் கூடினால் கணினியின் உடலும் அவ்வளவு கூடும் எனக் கருதுதல் தவறு. முற்காலத் திரைகளைச் சூழ்ந்து அகன்ற விளிம்புகள் இருந்தன. பிற்காலத்தில் அவை ஒடுங்கின. இதன் பயனைப் பின்னர்க் காட்டுவாம்.

கூர்மைக்கும் சுமைக்கும் உள்ள தொடர்பு

இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையாக நிற்பது ஏன்? திரவப்பளிங்குத் திரையின் பின்னே விளக்கொளி உண்டு. அவ்வொளி ஒவ்வொரு பிக்சலையும் ஊடுருவி வெளிவரவேண்டும். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதனை இயக்கும் நுண்ணிய திரான்சிஸ்டரும் கம்பிகளும் உள. அவை ஒளியை மறைப்பன. பிக்சல்கள் சிறுத்துப் பெருகப் பெருக, ஒளி புகும் வழி ஒடுங்கும். அதே வெளிச்சத்தைப் பெறப் பின்னொளியைக் கூட்டவேண்டும். எண்ணிறந்த பிக்சல்களுக்கு வரைந்துகொடுக்கும் வேலையும் கூடும். மின்செலவு கூடப் பற்றரி பெருக்கவேண்டும். பற்றரி பெருக்க நிறை கூடும்.

இதற்கு ஐபாட் நல்ல சான்று. 2011ஆம் ஆண்டில் வந்த ஐபாட் 2இன் 9.7 அங்குலத் திரையில் 1024க்கு 768 பிக்சல்கள் இருந்தன. 2012ஆம் ஆண்டில் வந்த அடுத்த ஐபாட்டில், அதே அங்குலத் திரைக்கு 2048க்கு 1536 பிக்சல்கள் அமைந்தன. பற்றரியின் கொள்ளளவு 25 உவாற்று மணியிலிருந்து 42.5 ஆக உயர்ந்தது. நிறை 601 கிராமிலிருந்து 652 கிராம் ஆயிற்று, தடிப்பும் கூடிற்று. கூர்மைக்குக் கொடுத்த விலை இது. பின்னர் மின்சிக்கனமான திரைகளும் செயலிகளும் தோன்றியமையால் இப்பகை பெரிதும் தணிந்தது.

ஒரு குடும்பத்துக் கணினிகள்

ஒப்பீட்டுக்கு அப்பிள் நிறுவனத்தின் மடிக்கணினிகளை எடுத்துக்கொள்வாம். ஒரே நிறுவனத்தின் படைப்புகளாதலின் வேறுபாடு தெளிவாகும். 11.6 அங்குல மக்புக் எயரின் 2013ஆம் ஆண்டு மாதிரி 1.08 கிலோகிராம் நிறையும் 135 செறிவும் உடையது. 13.3 அங்குல ரெற்றினா மக்புக் புறோவின் 2015ஆம் ஆண்டு மாதிரிக்கு 2560க்கு 1600 பிக்சல்கள், செறிவு 227, நிறை 1.58 கிலோகிராம். முன்னையதினின்றும் பின்னையதற்கு மாறுவோர் அரைக் கிலோகிராம் கூடுதலாகச் சுமப்பர்.

அதே 2015இல் வந்த 12 அங்குல மக்புக்கில் செறிவு 226, நிறை 0.92 கிலோகிராம் மாத்திரமே. கூர்மையும் இலேசும் ஒருங்கே எய்தின. ஆயினும் அதற்கு மின்னேற்றவும் பிற கருவிகளை இணைக்கவும் ஒரே துளைவாய் தான் இருந்தது. செயலியும் ஆற்றல் குறைந்தது. விசைப்பலகையை மிக மெலிதாக்கியமையால் எழுந்த குறைபாடுகளுக்காக நிறுவனமே 2018ஆம் ஆண்டில் இலவசத் திருத்த ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. 2019இல் அக்கணினி விற்பனையினின்றும் நீக்கப்பட்டது. மெலிவையே தலையாய நோக்காகக் கொள்வதன் இடர் இதனாற் புலனாகும்.

2020ஆம் ஆண்டு இறுதியில் வந்த 13.3 அங்குல மக்புக் எயர், 227 செறிவும் 1.29 கிலோகிராம் நிறையும் உடையது. அதன் அகலம் 30.4 சென்ரிமீற்றர், பழைய 11.6 அங்குலக் கணினியின் அகலம் 30 சென்ரிமீற்றர். விளிம்புகள் ஒடுங்கியமையால், திரை ஏறக்குறைய இரண்டு அங்குலம் வளர்ந்தும் உடல் அகலத்தில் அரைச் சென்ரிமீற்றர்தானும் வளரவில்லை. மற்றப் பக்கத்தில் இரண்டு சென்ரிமீற்றர் கூடிற்று. நிறையில் 210 கிராம் கூடிற்று.

ஈண்டு ஒன்று குறிப்பிடல் வேண்டும். 2560 பிக்சல் கொண்ட திரையில் எழுத்தும் அவ்வளவு சிறுக்கும் என்றோ, இடம் இருமடங்காகும் என்றோ எண்ணுதல் கூடாது. அத்தகைய திரையில் நான்கு பிக்சல்கள் சேர்ந்து முன்னைய ஒரு பிக்சலின் தொழிலைச் செய்யுமாறு வைப்பின், இடம் 1280க்கு 800 என்னும் அளவினதே. பழைய 1366இனும் அகலத்திற் குறைவு. எழுத்து மாத்திரம் ஐந்திலொரு பங்களவு பெருத்தும், தெளிந்தும் நிற்கும். கூடுதலான பிக்சல்கள் இடமாகாது தெளிவாகின்றன. இடமே வேண்டுவோர் அளவை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். அப்போது எழுத்துச் சிறுக்கும்.

மிகைக்கூர்மைக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். 2015ஆம் ஆண்டு டெல் எக்ஸ்பிஎஸ் 13 என்னும் கணினி ஒரே உடலில் இருவகைத் திரைகளோடு கிடைத்தது. ஒன்று 166 செறிவினது. கணினியின் நிறை 1.18 கிலோகிராம். மற்றையது 276 செறிவுள்ள தொடுதிரை, நிறை 1.26 கிலோகிராம். 276 செறிவின் முழுப்பயனைப் பெற 32 சென்ரிமீற்றருக்குக் கண்ணைக் கொணரல் வேண்டும். மடிக்கணினியை அவ்வளவு அண்மையில் வைத்து வாசிப்பார் அரியர். அரை மீற்றருக்கு அப்பாலிருந்து பணிபுரிவோர்க்கு 166 செறிவே ஏறக்குறையப் போதுமானது.

தெரிவு செய்யும் முறை

கணினி மாற்ற விரும்பும் மாணவரும் பழைய மாணவரும் கடைக்குச் செல்லுமுன் பின்வருவனவற்றைச் செய்வாராக.

முதலாவது, தாம் வழக்கமாக அமரும் நிலையில் அமர்ந்து, கண்ணிலிருந்து திரைவரையுள்ள தூரத்தைப் பிறர் ஒருவரைக் கொண்டு அளப்பிக்க. 8730ஐ அத்தூரத்தால் வகுக்க வருவது தமக்கு வேண்டிய செறிவு. எமக்கு அது 42 சென்ரிமீற்றர். வேண்டிய செறிவு 208.

இரண்டாவது, பழைய கணினியுள்ள பையில் அரைக் கிலோகிராம் சீனிப் பொதி ஒன்றை வைத்து, ஒரு வாரம் வழக்கம்போலக் காவிச் செல்க. தோள் முறையிடாதாயின் பாரமான கணினியும் ஏற்றதே. முறையிடுமாயின் பொதியிற் பாதியைக் குறைத்து மீளப் பார்க்க. எமது தோள் கால் கிலோவைப் பொறுத்தது; அரைக் கிலோவைப் பொறுக்கவில்லை.

மூன்றாவது, கடையிலே விற்பனையாளர் காட்டும் வண்ணப் படங்களைப் பார்த்து மயங்கற்க. ணகர னகரங்களும் மெய்களும் நிறைந்த தமிழ்ப் பக்கம் ஒன்றைத் தம்மோடு கொண்டுசென்று, வழக்கமான பருமனில் திறந்து வாசித்துப் பார்க்க. திரையைச் சிறிது சாய்த்தும், சாளரத்தின் ஒளி படும்படி திருப்பியும் பார்க்க. பக்கத்தினின்று நோக்க நிறம் மாறும் திரையும், முகத்தைக் கண்ணாடிபோலக் காட்டும் திரையும் செறிவு மிகுந்தும் பயன்படா.

நான்காவது, பாமினி முதலிய பழைய எழுத்துருக்களோடு பழைய பக்க அமைப்பு மென்பொருள்களைப் பயன்படுத்துவோர், அவற்றைப் புதிய திரையில் இயக்கிப் பார்த்தே வாங்குக. செறிந்த திரைக்கென அமைக்கப்படாத மென்பொருளின் எழுத்தை விண்டோஸ் இழுத்துப் பெருப்பிக்கும். அதனால் எழுத்து முன்னையினும் மங்கித் தோன்றலாம்.

ஐந்தாவது, பிறர் கையினின்றும் வாங்குவோர் பற்றரியின் நலத்தை அறிந்து வாங்குக. நலிந்த பற்றரி, மின்னேற்றியின் சுமையையும் தோளில் ஏற்றிவிடும்.

முடிபு

நண்பர் இருவரின் கூற்றுக்கும் இனி விடை கூறலாம். கூர்மையும் சுமையும் கணினியில் மாத்திரம் தங்கிய குணங்களல்ல. முன்னையது கண்ணோடும், பின்னையது தோளோடும் சேர்த்தே அளக்கப்படுவன. கண்ணுக்கு வேண்டிய செறிவைத் தூரம் கூறும். அதற்கு மேற்பட்டது மின்செலவு. தோள் பொறுக்கும் நிறையைச் சீனிப் பொதி கூறும். அதற்கு மேற்பட்டது மேசையிலேயே தங்கிவிடும். இவ்விரு எல்லைகளுக்கும் உட்பட்டவற்றுள் விலைக்கேற்றதைக் கொள்க. இரண்டில் ஒன்றை விட்டேயாகவேண்டும் என்னும் நிலை வருமாயின், தமிழ் வாசித்தும் திருத்தியும் பணிபுரிவோர் இருநூறு கிராம் சுமையை ஏற்றுக் கூர்மையைக் கொள்ளுதலே தக்கதென்பது எமது துணிபு. தோளின் களைப்பு இரவு உறக்கத்தில் நீங்கும்; அச்சேறிய பிழை நீங்காது.

நாம் இவ்வளவைகளின்படி 227 செறிவும் 1.3 கிலோகிராமுக்கு உட்பட்ட நிறையும் உள்ள கணினியொன்றை, ஒருவர் பயன்படுத்திய நிலையில் வாங்கினோம். மலரின் பக்கங்களை அதிலே முதலிலிருந்து மீள வாசித்தபோது, முன்னர்த் தாளிலும் கண்ணிற்படாத பிழைகள் இரண்டு அகப்பட்டன. எனினும் இறுதிப் படியைத் தாளில் எடுத்து மற்றொருவரைக் கொண்டும் வாசிப்பித்தோம். எத்துணைக் கூரிய திரையும் இரண்டாவது கண்ணுக்கு ஈடாகாது. எம் ஆசிரியரின் பெயர் இம்மலரில் மூன்று சுழி ணகரத்தோடு செவ்வனே அச்சாகியுள்ளது. வேறெங்கேனும் பிழை காணும் அன்பர்கள் அதனை எமக்கு அறிவிப்பாராக. அக்குறை இனிக் கணினியினதன்று, எம்முடையதே.